புளோரின் வாயுக்களும் இந்தியத் தொழில்துறையும்: ஏட்டுக் கணக்கும் காற்றின் கணக்கும்

ஐக்கிய நாடுகளின் பருவநிலை மாற்ற அமைப்பிடம் இந்தியா 2024 டிசம்பரில் அளித்த நான்காவது ஈராண்டு அறிக்கையின்படி, 2020ஆம் ஆண்டில் நாட்டின் மொத்தப் பசுங்குடில் வாயு வெளியேற்றம், காடுகளும் நிலப் பயன்பாடும் நீங்கலாக, 295.9 கோடி டன் ஆகும். எல்லா வாயுக்களையும் கரியமில வாயுவுக்கு நிகராக மாற்றிக் கூட்டிய தொகை இது. இதில் கரியமில வாயுவின் பங்கு 80.53 சதவீதம், மீத்தேன் 13.32 சதவீதம், நைட்ரஸ் ஆக்சைடு 5.13 சதவீதம். எஞ்சிய 1.02 சதவீதம் 'மற்றவை' என்ற தலைப்பில் அடங்கிவிடுகின்றது. புளோரின் கலந்த தொழில் வாயுக்களே இந்த 'மற்றவை'.

நூற்றில் ஒரு பங்குதானே என்று இதனை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அந்த ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடி டன். மேலும், நிலக்கரிப் புகை ஆயிரக்கணக்கான புகைபோக்கிகளிலிருந்தும், மீத்தேன் கோடிக்கணக்கான கால்நடைகளிடமிருந்தும் நெல் வயல்களிலிருந்தும் எழுகின்றன. புளோரின் வாயுக்களின் பெரும்பகுதியோ விரல்விட்டு எண்ணத்தக்க சில ஆலைகளின் குழாய்களிலிருந்து வெளிப்படுவது. அதனைத் தடுக்க ஆகும் செலவும் சொற்பம். பொருளாதார நோக்கில் இவ்வளவு மலிவாகத் தீர்க்கக்கூடிய பருவநிலைப் பிரச்சினை வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தும் அதனைத் தீர்ப்பதற்கு உலகம் சுற்றிய சுற்று சிறிதன்று. இந்தியாவின் அனுபவம் அந்தச் சுற்றினைத் தெளிவாக எடுத்துக்காட்டுகின்றது.

வாயுக்களின் இயல்பு

1928இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லியும் அவருடைய குழுவினரும் குளோரோ புளோரோ கார்பன் வகைக் குளிர்பதனப் பொருள்களைக் கண்டனர். எரியாதவை, நஞ்சற்றவை, எளிதில் சிதையாதவை என்று அவை பாராட்டப்பட்டன. சிதையாத தன்மையே பின்னர் வினையாக முடிந்தது. இந்தச் சேர்மங்கள் ஓசோன் படலத்தை அரிக்கக்கூடும் என்பதை மொலினா, ரோலண்டு ஆகிய இரு அறிவியலாளர்கள் 1974இல் எடுத்துக்காட்டினர். அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் குறைந்துவிட்டது என்பதை 1985இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். 1987 செப்டம்பர் 16ஆம் நாள் மாண்ட்ரீல் உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியா 1992இல் அதில் சேர்ந்தது.

ஓசோனைக் காக்கும் பொருட்டுக் குளோரினை நீக்கி, ஹைட்ரோ புளோரோ கார்பன்கள் புழக்கத்திற்குக் கொண்டுவரப்பட்டன. சுருக்கமாக இவை எச்.எஃப்.சி. எனப்படும். இவற்றால் ஓசோனுக்குத் தீங்கில்லை. ஆனால் வெப்பத்தைச் சிறைப்பிடிப்பதில் இவை கரியமில வாயுவை ஆயிரம் மடங்கு விஞ்சுவன. ஒரு நோய்க்குத் தந்த மருந்து மற்றொரு நோய்க்கு வித்திட்டது என்று கூறலாம். 1997இல் உருவான கியோட்டோ உடன்படிக்கை எச்.எஃப்.சி. வகைகளையும், பெர்புளோரோ கார்பன்களையும், சல்பர் ஹெக்சாபுளோரைடையும் பசுங்குடில் வாயுப் பட்டியலில் சேர்த்தது. மாண்ட்ரீல் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருந்த பொருள்கள் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. எனவே, வெப்பமூட்டும் ஆற்றலில் கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 1,800 மடங்குள்ள எச்.சி.எஃப்.சி.-22 என்னும் குளிர்பதனப் பொருள் நாட்டின் பசுங்குடில் கணக்கில் வருவதில்லை. அதனை உற்பத்தி செய்யும்போது உடன்பிறக்கும் எச்.எஃப்.சி.-23 வருகின்றது.

இந்த எச்.எஃப்.சி.-23 தான் இக்கட்டுரையின் மையப்பொருள். ஒரு கிலோ எச்.எஃப்.சி.-23, நூறாண்டுக் கால அளவில், 12,400 கிலோ கரியமில வாயு செய்யும் கேட்டினைச் செய்கின்றது. நிலக்கரி மின்நிலையம் ஒன்று 12,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் உற்பத்தி செய்தால் வெளியேறும் அளவு அது. ஒருமுறை காற்றில் கலந்தால் இருநூறாண்டுகளுக்கு மேல் அங்கேயே தங்கிவிடும்.

இந்த 12,400 என்ற எண்ணும் நிலையானதன்று. பருவநிலை மாற்றம் பற்றிய பன்னாட்டு அரசுக் குழு 1995இல் கொடுத்த மதிப்பு 11,700, 2007இல் 14,800, 2013இல் 12,400, 2021இல் 14,600. ஒரு மூலக்கூறும் கூடாமல் குறையாமல், பெருக்கும் எண் மாறியதாலேயே ஒரு நாட்டின் கணக்கு கால் பங்குக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடும். வெவ்வேறு ஆண்டு அறிக்கைகளை அருகருகே வைத்து ஒப்பிடுவோர் முதலில் பார்க்கவேண்டியது, எந்த எண்ணால் பெருக்கினார்கள் என்பதைத்தான். இதைப் பார்க்காமலேயே 'உயர்ந்துவிட்டது', 'வீழ்ந்துவிட்டது' என்று எழுதுவோர் பலர்.

ஐந்து ஆலைகள்

குளோரோபார்மும் ஹைட்ரஜன் புளோரைடும் கிரியா ஊக்கியின் துணையுடன் வினைபுரியும்போது எச்.சி.எஃப்.சி.-22 கிடைக்கின்றது. குளோரோபார்ம் மூலக்கூறில் உள்ள மூன்று குளோரின் அணுக்களில் இரண்டு மட்டும் நீங்கிப் புளோரின் அமரவேண்டும். சிலவற்றில் மூன்றாவதும் நீங்கிவிடுகின்றது. அப்படி 'அளவு மீறி' புளோரின் ஏறியதே எச்.எஃப்.சி.-23. வெப்பநிலை, அழுத்தம், கிரியா ஊக்கியின் வயது ஆகியவற்றைப் பொறுத்து இது உற்பத்தியில் ஒன்றரை முதல் நான்கு சதவீதம் வரை இருக்கும். மிகக் குறைந்த வெப்பநிலைக் குளிர்பதனம், மின்னணுத் தொழில் போன்ற சில சிறு பயன்களைத் தவிர இதற்குச் சந்தை இல்லை. எனவே உலகெங்கும் ஆலைகள் இதனைக் காற்றில் விட்டுவிடுவதே வழக்கமாக இருந்தது. அது எந்தச் சட்டத்திற்கும் புறம்பானதன்று; துர்நாற்றமில்லை, நிறமில்லை, அக்கம்பக்கத்தாருக்கு உடனடித் தீங்குமில்லை.

இந்தியாவில் இத்தொழில் 1967இல் சூரத் அருகே பெஸ்தானில் தொடங்கப்பட்ட புளோரின் வேதி ஆலையிலிருந்து வளர்ந்தது. 1980களின் இறுதியில் குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டத்து ரஞ்சித்நகரிலும், ராஜஸ்தானின் ஜிவானாவிலும் ஆலைகள் எழுந்தன. தமிழ்நாட்டில் மேட்டூரிலும், அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மேடக் மாவட்டத்தில் பொதுத்துறையிலும் ஆலைகள் இருந்தன. ஆக ஐந்தே இடங்கள். இவற்றில் மேடக் மாவட்டப் பொதுத்துறை நிறுவனத்தை மூடிவிட மத்திய அரசு 2020 ஜனவரியில் முடிவு செய்தது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆண்டுக்கு 10,000 டன் எச்.சி.எஃப்.சி.-22 உற்பத்தி செய்யும் ஆலையில் உபபொருள் 3 சதவீதம் எனக் கொண்டால், 300 டன் எச்.எஃப்.சி.-23 பிறக்கும். 12,400ஆல் பெருக்கினால் 37 லட்சத்து 20 ஆயிரம் டன் கரியமில வாயுவுக்கு நிகர். இதனை அழிக்க வேண்டியது, 1,200 டிகிரி செல்சியஸ் அளவில் வெப்பமூட்டும் ஓர் எரிகலனும், பிறக்கும் அமில வாயுக்களைச் சுண்ணாம்புக் கரைசலில் கழுவும் ஒரு கோபுரமும்தான். ஒரு டன் கரியமில வாயு நிகரை இவ்வாறு தடுக்க ஆகும் செலவு ஒரு யூரோவிலும் சிறு பின்னமே.

அழிப்பதற்குக் கிடைத்த விலை

கியோட்டோ உடன்படிக்கை 'தூய்மை மேம்பாட்டு ஏற்பாடு' என்ற ஒன்றை வகுத்தது. வளரும் நாட்டின் ஆலை ஒன்று தனது வெளியேற்றத்தைக் குறைத்தால், குறைத்த ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு சான்று பெறும். வளர்ந்த நாடுகள் அச்சான்றுகளை விலைக்கு வாங்கித் தமது கடமையைத் தீர்த்துக்கொள்ளும். இந்த ஏற்பாட்டின் பதிவேட்டில் முதல் எண்ணைப் பெற்றது ரஞ்சித்நகர் ஆலையின் எச்.எஃப்.சி.-23 எரிப்புத் திட்டமாகும். 2005 மார்ச் 8ஆம் நாள் அது பதிவாயிற்று. எஞ்சிய நான்கு இந்திய ஆலைகளும் பின்தொடர்ந்தன. உலகில் இத்தகைய திட்டங்கள் மொத்தம் 19; அவற்றில் சீனாவில் 11, இந்தியாவில் 5, தென்கொரியா, மெக்சிகோ, அர்ஜென்டினா ஆகிய நாடுகளில் ஒவ்வொன்று.

சந்தையில் ஒரு சான்றின் விலை உற்பத்திச் செலவினை வைத்து அமைவதில்லை. வாங்குவோரின் தேவையை வைத்து அமைகின்றது. மேலே கண்ட 300 டன்னை அன்றைய மதிப்பான 11,700ஆல் பெருக்கினால் 35 லட்சத்து 10 ஆயிரம் சான்றுகள். சான்றுக்கு 10 யூரோ என்று வைத்தால் மூன்றரைக் கோடி யூரோ. முதன்மைப் பொருளான 10,000 டன் குளிர்பதன வாயுவை விற்றுக் கிடைக்கும் வருவாயைக் காட்டிலும் இது அதிகம். கழிவை அழிப்பது, சரக்கை விற்பதைவிட இலாபகரமாக மாறிய விந்தை இது. நெல்லுக்குக் கிடைப்பதைவிடப் பதருக்கு அதிக விலை கிடைத்தால், எந்த உழவனும் பதரைக் குறைக்க முற்படமாட்டான்.

இந்த இடர்ப்பாட்டினை விதிகளை வகுத்தோர் ஓரளவு முன்னுணர்ந்திருந்தனர். 2000க்கும் 2004க்கும் இடையில் குறைந்தது மூன்றாண்டுகள் இயங்கிய ஆலைகளுக்கே சான்று. புதிய ஆலைகளுக்கு இல்லை. உபபொருள் விகிதம் 3 சதவீதத்திற்கு மேல் கணக்கில் எடுக்கப்படாது. இருந்தும் 2010இல் வெளியான ஆய்வுகள், சான்று கிடைக்கும் காலங்களில் சில நாடுகளின் சில ஆலைகளில் உற்பத்தியோ உபபொருள் விகிதமோ உயர்வதையும், சான்று கிடைக்காத காலங்களில் தாழ்வதையும் சுட்டிக்காட்டின. பின்னர் உச்சவரம்பு 1 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 மே மாதம் முதல் இவ்வகைச் சான்றுகளைத் தனது சந்தையில் ஏற்பதில்லை என்று 2011இல் முடிவு செய்தது. 2008இல் 20 யூரோவையும் தாண்டிய சான்று விலை 2012 இறுதியில் ஒரு யூரோவுக்கும் கீழே வீழ்ந்தது.

சீன அரசு இத்திட்டங்களின் சான்று வருவாயில் 65 சதவீதத்தை வரியாகப் பெற்றுத் தூய ஆற்றல் பணிகளுக்கான நிதியில் சேர்த்தது. இந்தியாவில் அதற்கு ஒப்பான சிறப்புத் தீர்வை விதிக்கப்படவில்லை. வருவாய் நிறுவனங்களிடமே சென்றது. சந்தையின் மடமையால் கிடைத்த எதிர்பாராத ஆதாயத்தில் பொது நிதிக்கு ஒரு பங்கு ஒதுக்கியிருந்தால், அடுத்துவந்த இக்கட்டில் அது கைகொடுத்திருக்கும்.

சான்று நின்றபின்

இங்குதான் கேள்வி கூர்மை அடைகின்றது. பணம் தந்ததால் எரித்தவர்கள், பணம் நின்றபின் எரிப்பார்களா? எரிகலன்கள் ஏற்கெனவே நிறுவப்பட்டவை. அவற்றின் விலை பன்மடங்காகத் திரும்பிவிட்டது. இருந்தும் எரிபொருளும் சுண்ணாம்பும் ஆளும் செலவே. சட்டக் கட்டாயமோ அப்போது ஏதுமில்லை.

பதில் காற்றிலிருந்து வந்தது. 2016 ஜூன், ஜூலை மாதங்களில் பிரிட்டிஷ் ஆய்வு விமானம் ஒன்று வட இந்திய வான்பரப்பில் பறந்து காற்று மாதிரிகளைச் சேகரித்தது. 2019இல் வெளியான அதன் முடிவுகளின்படி, இந்தியாவின் எச்.எஃப்.சி.-23 வெளியேற்றம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 டன். 12,400ஆல் பெருக்கினால் இது ஒன்றரைக் கோடி டன் கரியமில வாயுவுக்கு நிகர். சான்றுகள் நின்றபின் வாயு மீண்டும் வெளியேறத் தொடங்கியது என்னும் கருத்துக்கு இது இசைவாக உள்ளது என்று ஆய்வாளர்கள் குறிப்பிட்டனர். சில வாரப் பறப்புகளிலிருந்து ஓர் ஆண்டின் நாடளாவிய தொகையை மதிப்பிடுவதில் நிச்சயமின்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் திசை பற்றி ஐயமில்லை.

அதே ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள், மத்திய சுற்றுச்சூழல், வனம், பருவநிலை மாற்ற அமைச்சகம் ஐந்து உற்பத்தியாளர்களுக்கும் ஓர் ஆணை பிறப்பித்தது. எச்.எஃப்.சி.-23 முழுவதையும் தத்தம் சொந்தச் செலவில் எரித்துவிட வேண்டும். எரிகலன் பழுதுபட்டு நிற்கும் காலத்திற்கெனப் போதிய சேமிப்புக் கலன்கள் வைத்திருக்க வேண்டும். பன்னாட்டு நிதியுதவி கோராமல் இந்தியா எடுத்த இம்முடிவு, ருவாண்டாவின் கிகாலி நகரில் அப்போது கூடியிருந்த மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. இரு நாட்களுக்குப்பின், அக்டோபர் 15 அன்று, மாண்ட்ரீல் உடன்படிக்கைக்கான கிகாலித் திருத்தம் நிறைவேறியது. 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க' என்னும் எளிய கோட்பாடு, பத்தாண்டுக் காலச் சந்தைச் சோதனைக்குப் பின்னர்தான் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் உலக அளவில் கதை வேறு திசையில் சென்றது. இந்தியாவும் சீனாவும் அறிவித்த குறைப்புகளைக் கூட்டினால், 2014க்கும் 2017க்கும் இடையில் உலகின் எச்.எஃப்.சி.-23 வெளியேற்றம் பெருமளவு வீழ்ந்திருக்க வேண்டும். காற்றை அளந்தவர்கள் கண்டதோ, 2018இல் 15,900 டன் என்ற, அதுவரை இல்லாத உச்சம். இந்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. ஏட்டுக் கணக்குக்கும் காற்றின் கணக்குக்கும் இடையில் எழுந்த இந்த வேறுபாட்டில் எந்த நாட்டின் பங்கு எவ்வளவு என்பதைக் காற்றே தனித்துச் சொல்லிவிடாது. தென்கொரியாவின் ஜேஜு தீவிலுள்ள கோசான் அளவை நிலையம் கிழக்குச் சீனத்தின் காற்றை இடைவிடாது அளந்துவருகின்றது. அத்தகைய நிலையம் அருகில் இருந்தால், உண்மையாகவே எரித்த நாடு தன் நேர்மையை நிறுவிக்கொள்ளவும் இயலும். அளவீடு என்பது குற்றம் காண்பதற்கு மட்டும் உரியதன்று.

அலுமினியமும் மின்துறையும்

புளோரின் வாயுக்களின் மற்றொரு பிறப்பிடம் அலுமினிய உருக்காலை. உருகிய கிரையோலைட்டில் கரைந்துள்ள அலுமினா அளவுக்குக் கீழே குறைந்துவிட்டால், மின்கலத்தின் மின்னழுத்தம் 4 அல்லது 5 வோல்ட்டிலிருந்து திடீரெனப் பன்மடங்கு ஏறுகின்றது. இதற்கு 'நேர்மின்வாய் விளைவு' என்று பெயர். அந்தச் சில நிமிடங்களில் கரி மின்வாயும் புளோரைடும் கூடிக் கார்பன் டெட்ராபுளோரைடும் ஹெக்சாபுளோரோ ஈத்தேனும் பிறக்கின்றன. முதலாவதன் ஆயுள் 50,000 ஆண்டுகள். மனிதன் வரலாறு எழுதத் தொடங்கி எத்தனை ஆண்டுகளாயின என்பதை இதன் அருகில் வைத்து எண்ணிப் பார்க்கலாம்.

இங்கு ஆலையின் நலனும் காற்றின் நலனும் ஒன்றே. மின்னழுத்தம் ஏறினால் மின்சாரம் விரயமாகின்றது, உற்பத்தி குறைகின்றது. ஆகவே அலுமினாவைச் சிறிது சிறிதாகக் குறித்த இடத்தில் இடும் தானியங்கிக் கருவிகள், கணினிக் கட்டுப்பாடு ஆகியன சான்று வருவாயை எதிர்பாராமலே வந்துசேர்ந்தன. கோர்பா, ஹிராகுட் என நாட்டின் உருக்காலைகள் பழைய சோடர்பெர்க் முறையை விட்டு, முன்சுட்ட மின்வாய் முறைக்கு வந்த வரலாறே இவ்வாயுக் குறைப்பின் வரலாறும் ஆகும். மேட்டூரில் இயங்கிய அலுமினிய உருக்காலை 2008இல் நின்றது.

உயர் மின்னழுத்தச் சுவிட்சுகளில் காப்பு வாயுவாகப் பயன்படும் சல்பர் ஹெக்சாபுளோரைடு, கரியமில வாயுவினும் 23,500 மடங்கு வலியது. மின்தொகுப்பு விரிய விரிய அதன் இருப்பும் கூடும். நாட்டின் மொத்தத்தில் இதன் பங்கு சிறிதே.

இனி வரும் தேவை

மேற்கூறியவை எல்லாம் உற்பத்திக் குழாயிலிருந்து வெளியேறுவன. அறைக் குளிர்சாதனங்களிலும், வாகனங்களிலும், குளிர்பதனப் பெட்டிகளிலும் நிரப்பப்பட்டுக் கசியும் எச்.எஃப்.சி. வாயுக்களின் கதை வேறு. அது குறைவதற்குமுன் ஏறியே தீரும். வெப்ப அலைகள் மிகுந்த நாட்டில், குளிர்ச்சி என்பது வசதி படைத்தோரின் ஆடம்பரம் என்று இனியும் கூறுவது பொருந்தாது. கிகாலித் திருத்தத்தில் இந்தியா தனக்கென நீண்ட காலக்கெடுவைக் கேட்டுப் பெற்றதன் நியாயம் இதுவே. 2024 முதல் 2026 வரையிலான மூன்றாண்டுச் சராசரி அடிப்படையாகும். 2028இல் உயர்வு நிறுத்தப்படும். 2032இல் 10 சதவீதம், 2037இல் 20, 2042இல் 30, 2047இல் 85 சதவீதம் என்ற வரிசையில் குறைப்பு நிகழும். இந்தியா 2021 செப்டம்பரில் இத்திருத்தத்தை உறுதி செய்தது.

இந்தியா இத்தகைய கெடுக்களை முன்கூட்டியே நிறைவேற்றிய அனுபவம் பெற்றது. குளோரோ புளோரோ கார்பன்களின் உற்பத்தி, ஆஸ்துமா நோயாளிகளின் மருந்துக் குப்பிகளுக்கான அளவு நீங்கலாக, 2010 கெடுவுக்கு 17 மாதங்கள் முன்னதாக 2008 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. எச்.சி.எஃப்.சி. வகைகளில் 2020க்குரிய இலக்கு 35 சதவீதக் குறைப்பு. எய்தியது 44 சதவீதம். 2019 மார்ச்சில் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், 2037-38க்குள் குளிர்பதனப் பொருள் தேவையை 25 முதல் 30 சதவீதம் வரை குறைக்க வழிகாட்டியுள்ளது. புரோப்பேன் வாயுவால் இயங்கும் அறைக் குளிர்சாதனங்கள் இந்தியச் சந்தையில் 2012 முதலே உள்ளன. தெருவோரக் கடையில் அமர்ந்து பழுது பார்க்கும் தொழிலாளி, பழைய வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் உருளையில் மீட்டெடுக்கப் பழகுவது, இந்தச் சதவீதங்கள் யாவற்றினும் கடினமான பணி. அவருக்கு அதனால் கிடைப்பது நேர இழப்பு மட்டுமே என்றால், பயிற்சிச் சான்றிதழால் பயனில்லை.

எச்.சி.எஃப்.சி.-22இன் குளிர்பதனப் பயன்பாடு 2030க்குள் ஏறத்தாழ முற்றுப்பெறும். ஆனால் ஒட்டாத பூச்சுகளுக்கும், மின்கம்பி உறைகளுக்கும், இரசாயன ஆலைக் குழாய்களுக்கும் வேண்டிய புளோரின் பிளாஸ்டிக்கின் மூலப்பொருளும் அதுவே. மூலப்பொருளாகப் பயன்படும் உற்பத்திக்கு மாண்ட்ரீல் உடன்படிக்கையில் உச்சவரம்பு இல்லை. ஆகவே 2030க்குப் பின்னும் அந்த வினைகலன்கள் இயங்கும்; எச்.எஃப்.சி.-23 பிறந்துகொண்டே இருக்கும். 10,000 டன் ஆலை ஒன்றில் எரிகலன் ஒரு நாள் நின்று, அன்று சேமிப்புக் கலனும் நிரம்பியிருந்தால், அந்த ஒரு நாளில் காற்றில் சேர்வது முக்கால் டன்னுக்குச் சற்று அதிகமான வாயு; கணக்கில் அது 10,000 டன்.